புளியமரமும் என் நாக்கும்

என் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். சின்னவர்களிடம் ஆரம்பித்தால் பாதியிலேயே போனைத் தேய்த்துப் பார்த்து, "சாயந்திரம் மழையாம் ஆயா, இதுல போட்டிருக்கு" என்கிறார்கள். சாயந்திரம் மழை வராவிட்டால் போனைத் திட்டுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மலைப்பக்கம் மேகம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. எங்கள் காலத்தில் போன் இல்லை. மழை வராவிட்டால் திட்டுவதற்கு ஊருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான். அப்போது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன்.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கல்வராயன் மலை எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்பது மாதிரித் தெரியும். கோமுகி அணை கட்டி முடித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அணைதான் வந்துவிட்டதே, இனி மழையைப் பற்றி என்ன கவலை என்று சிலர் பேசிக்கொண்டு திரிந்தார்கள். அணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் சொல்லும் கோடையில் அணையின் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆடுகள் உள்ளே இறங்கி மேய்ந்தன.

அப்பா ஒரு பெரிய நிலக்காரரிடம் வருஷக் கூலிக்கு இருந்தார். அம்மா அதே நிலத்தில் அன்றாடக் கூலி. அந்த நிலக்காரரை ஊரே 'பெரிய வூட்டுக்காரர்' என்றுதான் சொல்லும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மேலே படிக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போய் ஆஸ்டலில் சேர வேண்டும். எனக்கு அதில் கொள்ளை ஆசை. வீட்டில் கேட்டேன். "பாக்கலாம்" என்றார் அப்பா. பெரிய வூட்டுக்காரர் தலையாட்டாமல் அவரால் எதையும் பார்க்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

அந்த வருஷம் கடலோரத்து ஊர் ஒன்றிலிருந்து மாற்றலாகி ஒரு சயின்ஸ் சார் வந்து சேர்ந்தார். எங்கள் வெயிலில் அவர் பாதியாக இளைத்துப்போனார். புத்தகத்தில் அவருக்குப் பிடித்த ஒரே பாடம் காற்றும் மழையும். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, மேலே அட்டையை வைத்து, தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிப்பார். தண்ணீர் கொட்டாது. "அட்டையைத் தாங்கறது யாரு? காத்து! காத்துக்கு அழுத்தம் உண்டு!" என்று கத்துவார். ஒருமுறை அட்டை நழுவி, முன்வரிசையில் இருந்த நான் குளித்த மாதிரி ஆனேன். அன்றைக்குக் காற்று லீவு போலிருக்கிறது.

ஆனாலும் அவர் சொன்னது மண்டையில் ஏறியது. வெயிலில் காய்ந்த தரை, தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே போகிறது. போகப் போகக் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் துளியாகி மேகமாகிறது. குறுக்கே மலை நின்றால் காற்று அதன்மேல் ஏறித்தான் தீர வேண்டும். அதனால் மலைக்கு மேலே சீக்கிரம் மேகம் கட்டும். கோடையில் மதியத்துக்கு மேல் அந்த மேகம் கோபுரம் கோபுரமாக எழுந்து, உச்சியில் தட்டையாகப் பரந்தால் அது இடிமேகம். அதற்குள்ளே பனிக்கட்டியும் தண்ணீரும் முட்டி மோதி மின்சாரம் உண்டாகிறது. அது தரைக்கு இறங்கும்போது சுற்றுவட்டாரத்தில் எது உயரமாக நிற்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு இறங்கும். ஆகவே இடி இடிக்கும்போது மரத்தடியில் நிற்கக் கூடாது. கட்டடம் இருந்தால் உள்ளே போ. வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் மரத்தை விட்டுத் தள்ளிப்போய்க் காலைச் சேர்த்துக் குந்து. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணு. எண்ணிக்கை குறைந்தால் இடி கிட்டே வருகிறது. இதையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம்.

ஒப்பித்ததோடு விட்டாரா? ஒரு தகரப் புனலைச் சீசாவில் செருகி, பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில் கல் அடுக்கி நிறுத்தினார். அது மழைமானி. தன் பழைய சட்டையின் ஒரு கையை வெட்டி மூங்கில் கழியின் உச்சியில் கட்டி வாசலருகே நட்டார். அது காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும். வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டினார். தினமும் காலையில் வானம், காற்று, மழை மூன்றையும் பார்த்து அதில் எழுத வேண்டும். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்று என்னைப் பிடித்துப் போட்டார். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

வானம்: தெளிவு. காற்று: கிழக்கிலிருந்து, மெல்ல. மழை: இல்லை. மாசி முழுக்க இதைத்தான் எழுதினேன். பங்குனியிலும் இதேதான். சீசாவுக்குள் தூசியும் ஒரு செத்த பூரானும் சேர்ந்ததுதான் மிச்சம்.

பள்ளிக்கூட வாசலில்தான் டவுன் பஸ் நிற்கும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பலகையைப் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்கள் படித்தவர்களைக் கேட்பார்கள். "இன்னிக்கி மழ இல்லியாம், ஸ்கூல்லியே போட்டுட்டாங்க" என்று ஊருக்குள் போய்ச் சொல்வார்கள். நான் எழுதியது காலையில் இருந்த வானம், சாயந்திர வானம் எனக்கு எப்படித் தெரியும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "அப்ப இன்னாத்துக்கு எழுதற?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு சயின்ஸ் சாரிடமும் நல்ல பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய தலைவலி 'இல்லை' என்ற சொல். உங்களுக்குத் தெரியும், நம் வீடுகளில் அந்தச் சொல்லை லேசில் சொல்லிவிட முடியாது. அரிசிப் பானை காலியாகி அடியைச் சுரண்டும்போதும் "அரிசி நெறஞ்சிருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். உப்பு தீர்ந்தாலும் நிறைந்திருக்கிறது. இல்லை என்று சொன்னால் இல்லாமலே போய்விடுமாம். சோறே இல்லாத வீட்டில் எல்லாம் நிறைந்திருக்கிறது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட ஊரில், தெருவே பார்க்கிற மாதிரி, தினம் தினம் 'மழை: இல்லை' என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக்கொண்டிருந்தேன்.

பங்குனிக் கடைசியில் ஊர் கூடிக் கொடும்பாவி இழுத்தார்கள். ஊர் செய்த பாவத்தால்தான் மழை நின்றுவிட்டது என்று, அந்தப் பாவத்தையெல்லாம் ஒரு வைக்கோல் பொம்மைமேல் ஏற்றித் தெருத் தெருவாக இழுத்துப்போய், பெண்கள் மாரில் அடித்து அழுது, ஏரிக்கரையில் கொளுத்தினார்கள். அம்மாவுக்கு அழுது தொண்டை கட்டிவிட்டது. மறுநாள் காலை நான் போய் மைதானத்துச் சீசாவைப் பார்த்தேன். தூசி. பலகையில் பெரிதாக எழுதினேன், மழை: இல்லை.

குடத்தோடு போன பெண்கள் நின்றுவிட்டார்கள்.

"ஏ பொண்ணே, இன்னா எழுதியிருக்க அங்க?"

"மழை இல்லைன்னு எழுதியிருக்கேங்க."

"வூடு வூடா அழுதுட்டு வந்து படுத்தோம். நீ விடியகாத்தால இல்லன்னு எழுதிக்கினு கீறியா? வானம் பாக்காதா இத?"

"வானம் படிக்காதுங்க" என்றேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டதல்ல.

சேதி பெரிய வூட்டுக்காரருக்குப் போய், அவர் குடையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். வெயிலுக்கும் குடை, மழைக்கும் குடை, கோபத்துக்கும் குடை அவருக்கு. அதன் முனையால் பலகையைத் தட்டி, "இத யாரு எழுதச் சொன்னது?" என்றார். எட்டு நாள் எங்களுக்கு வளிமண்டலத்தை விளக்கிய சயின்ஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹெட்மாஸ்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த வரிய மட்டும் மாத்திடும்மா. நிறைந்திருக்கிறதுன்னு எழுது."

"மழை நிறைந்திருக்கிறதுன்னா சார்?"

"ஆமா. மங்களகரமா இருக்கும்."

சயின்ஸ் சாரைப் பார்த்தேன். அளந்து எழுத வேண்டும், பார்த்ததைத்தான் எழுத வேண்டும் என்று பிரம்பால் மேசையைத் தட்டிச் சொன்னவர் அவர்தான். "ஹெட்மாஸ்டர் சொல்றாரில்ல, எழுதும்மா" என்றார். சட்டைக்கை கழியில் புழுதி பறக்க ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நின்று, மழை நிறைந்திருக்கிறது என்று எழுதினேன். பஸ் கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அப்புறம் ஒரு நாள் பொறுக்க முடியாமல் மறுபடியும் 'இல்லை' என்று எழுதிவிட்டேன்.

அன்று சாயந்திரம் பெரிய வூட்டுக்காரர் அப்பாவைக் கூப்பிட்டார். நான் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"பரிச்ச முடிஞ்சதும் பொண்ண நிறுத்திடு. இன்னா, மேல படிக்கணும்னு ஆடுதாமே?"

"ஆசப்படுதுங்க..."

"இப்பவே மழ இல்லன்னு எழுதுது. இன்னும் படிச்சா இன்னா இன்னா இல்லன்னு எழுதுமோ! மல்லாட்ட ஆய ஆள் கம்மியா இருக்கு. கூட்டிக்கினு வா."

"சரிங்க" என்றார் அப்பா. அவ்வளவுதான். என் கள்ளக்குறிச்சி, என் ஆஸ்டல், எல்லாம் ஒரு 'சரிங்க'வில் முடிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்தில் நின்ற எருமையை ஓர் அடி அடித்தேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பரீட்சை முடிந்த மறுநாளே மல்லாட்டை ஆயப் போனேன். வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பேர். கிணற்றுப் பாசனத்தில் விளைந்தது. செடியைப் பிடுங்கி நிலத்தின் ஓரத்திலிருந்த பெரிய புளியமரத்தடியில் குவித்து, நிழலில் உட்கார்ந்து காயை ஆய்வார்கள். அம்மாவோடு ஊர்ப் பெண்கள் பலர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "வாடி வானிலை! இன்னிக்கி இன்னா இல்ல?" என்று ஆரம்பித்தார்கள். அம்மா குனிந்த தலை நிமிராமல், "வேலயப் பாருங்கடி" என்றாள். பெரிய வூட்டுக்காரர் மரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குக் காலையிலிருந்தே புழுக்கம். சட்டை முதுகில் ஒட்டியது. மதியம் கூழ் குடித்துவிட்டுப் பார்க்கிறேன், மலைக்கு மேலே மேகம் உலைக்கஞ்சி பொங்குகிற மாதிரி எழுந்துகொண்டிருக்கிறது. ஆய்கிற வேகத்தில் யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதன் உச்சி தட்டையாக எங்கள் பக்கம் பரந்து வந்து வெயிலை மறைத்தது. அதுவரை கிழக்கே இருந்து மெல்ல வந்துகொண்டிருந்த காற்று நின்றது. ஓர் இலைகூட அசையவில்லை. சார் கரும்பலகையில் வரைந்த படம் அப்படியே தலைக்கு மேல் வந்து நிற்கிறது.

அப்புறம் மலைப்பக்கமிருந்து சில்லென்று ஒரு காற்று அடித்தது. எங்கோ நனைந்த மண்ணின் வாசனை. பின்னாலேயே புழுதி. "மழடீ!" என்று பெண்கள் கூவினார்கள். சந்தோஷத்தில் ஒருத்தி அழுதாள். ஆய்ந்த காயைச் சாக்கில் கட்டி, செடிக் குவியலைத் தார்ப்பாயால் மூடி எல்லாரும் மரத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மல்லாட்டை நிலம்தான். அதன் நடுவே அந்த ஒரு மரம்தான் உயரம்.

மின்னல் வெட்டியது. எண்ணினேன். இடி வந்தது. "அர்ஜுனா, அர்ஜுனா" என்று முணுமுணுத்தார்கள். அப்புறம் களைக்கொத்து, அரிவாள் எல்லாவற்றையும் வீசி மழையில் எறிந்தார்கள். இடி இரும்பைத் தேடும், இரும்பை வெளியே போட்டுவிட்டால் நம்மை விட்டுவிடும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. வீட்டிலும் இடி இடித்தால் கடப்பாரையைத் தூக்கி வாசலில் போடுவோம். இரும்பை எறிந்தாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று அத்தனை பேரும் புளியமரத்தில் சாய்ந்து நின்றார்கள். பெரிய வூட்டுக்காரர் மட்டும் இரும்புக் கம்பி போட்ட குடையை விரித்துப் பிடித்திருந்தார். அதை எறியச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

அடுத்த மின்னலுக்கு எண்ணிக்கை குறைந்தது. நான் வெளியே ஓடிப்போய் நின்று கத்தினேன்.

"மரத்தடியில நிக்காதீங்க! வெளிய வாங்க! ஒசரமா இருக்கறதுலதான் இடி வுழும்! சார் சொல்லியிருக்காரு!"

"ஓ, சார் சொன்னாரா?" என்றாள் ஒருத்தி. "அவர வந்து நனையச் சொல்லு."

"வாயக் கழுவுடி!" என்றார் பெரிய வூட்டுக்காரர்.

ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. தலையில் கல்லடி படுகிற மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. "யம்மா, பாடத்துல இருக்குமா! நெசமா இருக்குமா! வாம்மா!" என்று குதித்துக் குதித்து அழுதேன். அம்மா என்னைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி மரத்தின் உச்சியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அப்புறம் அவள் செய்ததை நான் பல வருஷம் மன்னிக்கவில்லை.

இரண்டு கையாலும் மாரில் ஓங்கி அடித்துக்கொண்டு அலறினாள். "ஐயோ, எம் பொண்ணு வாய வெச்சிட்டாளே! கருநாக்குடீ இது! அன்னிக்கி ஆட்டுக்குட்டி சாவும்னா, செத்துப் போச்சே! இப்ப மரத்தச் சொல்லிட்டாளே! ஓடுங்கடி, ஓடுங்கடி!"

ஆட்டுக்குட்டியைப் பற்றி நான் ஒன்றுமே சொன்னதில்லை. எங்களுக்கு ஆடே கிடையாது.

யாரும் அதை யோசிக்கவில்லை. பாடத்துக்கு அசையாத கால்கள் பறந்தன. எல்லாருக்கும் முன்னால் பெரிய வூட்டுக்காரர்தான் ஓடினார். குடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். நிலத்தின் நடுவில், கூடையையும் முறத்தையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆலங்கட்டிக்கு நடுவே குந்தினோம். "காலச் சேத்து வெச்சிக்குங்க" என்றேன். இந்தத் தடவை மறுபேச்சில்லாமல் சேர்த்து வைத்துக்கொண்டார்கள்.

எண்ண நேரமில்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. கண்ணைத் திறந்தபோது புளியமரம் உச்சியிலிருந்து வேர்வரை பிளந்து நின்றது. பட்டை உரிந்து தூர தூரமாகச் சிதறியிருந்தது. நாங்கள் சாய்ந்து நின்ற இடத்தில் புகை வந்தது. தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு நாற்றம். கயிற்றுக் கட்டில் கருகிக் கிடந்தது.

அத்தனை பேரும் உயிரோடு இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நல்ல வேளை சொன்னாய் என்று ஒரு வார்த்தை வரும் என எதிர்பார்த்தேன். பெரிய வூட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எங்க பாட்டன் வெச்ச மரம்டீ! கொன்னுட்டியேடீ!"

வீட்டுக்கு வரும் வழியில் பள்ளிக்கூடத்தைத் தாண்டினோம். மைதானத்துச் சீசாவை ஆலங்கட்டி நொறுக்கியிருந்தது. மாசியிலிருந்து காத்துக்கிடந்து, அந்தக் கோடையின் ஒரே மழையை அளக்க முடியாமல் போயிற்று. புனல் அப்புறம் யார் வீட்டிலோ மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தது. சட்டைக்கை பறந்தே போய்விட்டது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சயின்ஸ் சார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்து, "நல்ல மழை இல்ல?" என்றார்.

ஊருக்குள் கதை எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பெண்கள் என் தாடையைப் பிடித்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். எனக்குப் பேனா நிப்பை நக்குகிற கெட்ட பழக்கம். பரீட்சை மை இன்னும் போகவில்லை. "தோ பாரு கருப்பு!" என்று ஊரே பார்த்து உறுதி செய்துகொண்டது. அதற்குப் பிறகு என்னைக் கண்டால் பால் செம்பை முந்தானையால் மூடினார்கள். பிறந்த குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். புது சைக்கிள் வாங்கியவர் வேறு தெருவழியாகப் போனார். யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லும் முன்பே, "நல்லதா சொல்லு கண்ணு" என்று கெஞ்சினார்கள். அம்மாவிடம் நான் பேசுவதையே நிறுத்திவிட்டேன். அவளும் சமாதானம் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாள் இருக்கும்போது அம்மா எனக்குத் தலை பின்னி, இழுத்துக்கொண்டு பெரிய வூட்டுக்காரர் வீட்டுக்குப் போனாள்.

"நீங்க சொன்ன மாரியே பொண்ண ஸ்கூல வுட்டு நிறுத்திட்டோங்க."

அவர் என்னைப் பார்க்காமல் தூணைப் பார்த்தார். "சரி."

"வயலுக்குத்தான் இவ கூட யாரும் வர மாட்டன்றாளுங்க. அதனால உங்க வூட்லியே வுட்டுடலாம்னு கூட்டியாந்தேன். வாசல் பெருக்கும். மாட்டப் பாத்துக்கும். வாய்தான் சும்மா இருக்காது, எதனா சொல்லிக்கினே இருக்கும். நீங்க ஒன்னியும் மனசுல வெச்சிக்காதீங்க."

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி, "வேணாங்க!" என்று கூவியது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டது.

"இன்னாம்மா நீ, படிக்கற பொண்ணப் போயி..." என்றார். "கள்ளக்குறிச்சியில ஆஸ்டல் இருக்கில்ல? நானே ஹெட்மாஸ்டருக்குச் சொல்லி அனுப்பறேன். லீவுக்குக்கூட அடிக்கடி வரணும்னு இல்ல. நல்லா படிக்கட்டும்."

அவர் சொல்லி அனுப்பினார். சீட்டும் கிடைத்தது. எவ்வளவு நன்றாகப் படித்தேன், எத்தனை மார்க் எடுத்தேன், அதெல்லாம் ஒருவரும் கேட்கவில்லை. என் நாக்குக்குப் பயந்து என்னைப் படிக்க அனுப்பினார்கள். நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

தகரப் பெட்டியோடு டவுன் பஸ்ஸில் போகும்போதுதான் அம்மாவிடம் வாயைத் திறந்தேன்.

"ஆட்டுக்குட்டின்னு ஏம்மா பொய் சொன்ன? ஊரே என்னப் பாத்து ஓடுது."

"பாடம்னு சொன்னப்ப எவளாச்சும் நவுந்தாளா?"

"நவுரல."

"அப்புறம் இன்னா? பாடத்துக்கு யாரும் ஓட மாட்டாளுங்க. பயத்துக்குத்தான் ஓடுவாளுங்க. எனக்கு அந்நேரம் வாயில அதான் வந்துச்சி."

"நீ நம்புனியா? இடி மரத்துல வுழும்னு பாடத்த நம்புனியா?"

அம்மா ஜன்னல் வழியாகக் கரும்பு வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "பாடம் இன்னா கண்டேன் நான். நீ அழுதுக்கினே சொன்ன. பொய் சொல்றப்ப நீ அழ மாட்ட."

கொஞ்ச தூரம் போனதும், "பேரு போனா போவுது வுடு. நீ படி" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வரும்வரை அழுதேன். கோபத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், இப்போது சொல்கிறேன், அது கோபம் இல்லை.

படித்து நானும் சயின்ஸ் டீச்சர் ஆனேன். கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள பள்ளிகளில் ஓய்வு பெறும்வரை அதே பாடத்தை நடத்தினேன். டம்ளரைக் கவிழ்த்தேன். மேகம் வரைந்தேன். மரத்தடியில் நிற்காதே என்று தொண்டை வற்றக் கத்தினேன். பிள்ளைகள் பரீட்சையில் அழகாக எழுதி மார்க் வாங்கினார்கள். சாயந்திரம் மழை வந்தால் நேராகப் போய் மரத்தடியில் நின்றார்கள். இதைத் திருத்த இந்த ஜென்மத்தில் முடியாது என்று விட்டுவிட்டேன்.

போன சித்திரையில் ஒரு காதுகுத்துக்குக் கச்சிராயபாளையம் போய்விட்டுத் திரும்பினேன். பஸ் நிறுத்தத்தில் கூரை கிடையாது, பெரிய தூங்குமூஞ்சி மரம்தான். மலையில் மேகம் கருத்து, காற்று நின்று, அப்புறம் சில்லென்று அடித்தது. எனக்குச் சொல்ல வேண்டுமா? மின்னலைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். எதிர்ப்பக்கம் கல்யாண மண்டபம் திறந்துதான் கிடந்தது. அங்கே போனால் பஸ்ஸில் சீட் போய்விடும் என்று கூட்டமே மரத்தடியில் நெருக்கிக்கொண்டு நின்றது. ஒருத்தி கைக்குழந்தையோடு அடிமரத்தில் சாய்ந்திருந்தாள்.

"இங்க நிக்காதீங்க, மண்டபத்துக்குப் போயிடுங்க. உயரமான மரத்துலதான் மின்னல் இறங்கும்" என்றேன்.

மீசை வைத்த ஓர் ஆள் சிரித்தபடி திரும்பினான். "டீச்சர்! நல்லாருக்கீங்களா? எட்டாவதுல நீங்கதான் எங்களுக்கு இத நடத்துனீங்க. அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மார்க்கு!" சொல்லிவிட்டு மரத்தோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டான்.

அடுத்த இடி கிட்டே கேட்டது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. எத்தனை வருஷப் பாடம்! மழையில் இறங்கி நின்று, மாரில் இரண்டு கையாலும் ஓங்கி அடித்துக்கொண்டு அலறினேன்.

"ஐயோ, நான் கருநாக்குக்காரி ஆச்சே! எங்க ஊர்ல புளியமரத்தச் சொன்னேன், அன்னிக்கே பொளந்துச்சே! இப்ப இந்த மரத்தச் சொல்லிட்டனே! ஓடுங்க, ஓடுங்க!"

கூட்டத்தில் ஒரு கிழவி என்னை உற்றுப் பார்த்தாள். "ஐயோ, ஆமாண்டி! அது இவதான்!" என்று முதல் ஆளாக ஓடினாள். குழந்தைக்காரி ஓடினாள். முழு மார்க் வாங்கியவன் தாண்டிக் குதித்து ஓடினான். நானும் பின்னால் போய் மண்டபத்தில் ஏறினேன்.

மழை கொட்டித் தீர்த்தது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறுத்தத்தில் ஆளைக் காணாமல் பஸ் நிற்காமலே போய்விட்டது. "இன்னா ஆயா நீ, ஒன்னியும் வுழலியே!" என்று ஆரம்பித்தார்கள். படித்த டீச்சரே இப்படியா என்று மீசைக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். அடுத்த பஸ் வரும்வரை ஓயவில்லை. குழந்தை முதற்கொண்டு அத்தனை பேரும் முழு உயிரோடு நின்று என்னைத் திட்டினார்கள்.